பேசியே நிமிர்ந்த நாடு

ஆர்ஹுஸ்ல எங்க ஹாஸ்டல் கிச்சன்ல நாலு தமிழ்ப் பசங்க கூடினா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அரசியல், சினிமா, கடைசியா "நம்ம நாடு உருப்படாதுடா". நேத்தும் அதேதான். பக்கத்து ரூம் டேனிஷ் நண்பன் சிரிச்சான்: "எங்க தாத்தாக்களும் இதைத்தான் சொன்னாங்க."

உண்மைதாங்க. 1813ல் டென்மார்க் அரசு திவால். 1814ல் நார்வே கைவிட்டுப் போச்சு. 1845ல் நம்ம தரங்கம்பாடியை ஆங்கிலேயக் கம்பெனிக்கு வித்துட்டாங்க. 1864 போரில் ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைனும் காலி.

இந்தச் சரிவுக்கு நடுவுலதான் க்ருண்ட்விக் என்ற பாதிரியார் ஒரு யோசனை சொன்னார். விவசாயி வீட்டுப் பிள்ளைங்க ஒண்ணாத் தங்கி, வரலாறு, மொழி, நாட்டு நடப்பு எல்லாத்தையும் பேசிப் பேசியே கத்துக்கணும். பரீட்சை கிடையாது! 1844ல் ரோடிங் என்ற ஊரில் முதல் பள்ளி. 1864ல் அந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. விட்டாங்களா? 1865ல் எல்லைக்கு இந்தப் பக்கம் அஸ்கோவில் மறுபடி ஆரம்பிச்சாங்க. இப்படிப் படிச்ச பலர் பின்னாடி கூட்டுறவுப் பால்பண்ணைகளை நடத்தினாங்க.

அவங்களும் புலம்பியிருப்பாங்க. ஆனா அந்தப் பேச்சுக்கு ஒரு இடமும், அடுத்து ஒரு வேலையும் இருந்துச்சு. மார்க்குக்காகவே படிச்சு வளர்ந்த எனக்கு அதுதான் உறுத்துது.

அடுத்த வாரம் ஆளுக்கொரு விஷயம் படிச்சுட்டு வந்து பேசணும்னு பசங்ககிட்ட சொல்லியிருக்கேன். எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்ப்போம்.