எல்லையில் இரு நீதி

இராசபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். அய்யனாரை எல்லைக் காவலர் என்பர் நம் மக்கள். இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றிவருகிறார் என நம்புவோரும், அவர் வழிப்போக்கரை மறித்துக் கடவுச்சீட்டு கேட்டதாகச் சொன்னதில்லை. அரசுகள் வகுத்த எல்லைகளோ ஆளுக்கொரு நீதி பேசுகின்றன.

உழைப்பாளி கடல் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டும், விசா வேண்டும். போர்வீரனுக்கு அவை தேவைப்படாத இடங்கள் உண்டு. 1951-இல் இலண்டனில் கையெழுத்தான நேட்டோ உடன்படிக்கை, நேச நாட்டுக்குள் கடமைமேல் வரும் வீரனுக்கு இவ்விரண்டிலிருந்தும் விலக்களித்தது. அடையாள அட்டையும் பயண ஆணையும் போதும் என்றது. ஆணைப்படி செல்பவனுக்கு அச்சலுகை தரட்டும், மறுக்கவில்லை. பிழைக்கச் செல்பவனுக்கு மட்டும் ஏன் இத்தனை பூட்டு என்றே கேட்கிறோம்.

1914-ஆம் ஆண்டைப் பாருங்கள். மே 23-இல் கோமகட்டா மாரு என்னும் சப்பானியக் கப்பல் கனடாவின் வான்கூவர் துறையை அடைந்தது. அதில் 376 இந்தியர், பெரும்பாலோர் சீக்கியர். பிரிட்டிஷ் படையில் பணிபுரிந்தோரும் அவருள் இருந்தனர். கனடாவும் பிரிட்டிஷ் பேரரசின் பகுதிதான். வந்தவர்களும் அப்பேரரசின் குடிகள்தாம். ஆயினும், தாயகத்திலிருந்து இடைநில்லாமல் நேரே வரவில்லை, கையில் 200 டாலர் இல்லை என்று சட்டம் பேசிற்று. இரு திங்கள் துறையிலேயே காத்துக் கிடந்தனர். சூலை 23-இல், மிகச் சிலர் தவிர அனைவரும் திருப்பி அனுப்பப்பட்டனர்.

பன்னிரண்டே நாளில் பிரிட்டன் போரில் இறங்கியது. பேரரசுக்கு ஆள் தேவைப்பட்டது! செப்டம்பர் 26-இல் இந்தியப் படையினர் பிரான்சின் மார்செய் துறையில் இறங்கினர். நவம்பரில், பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய காலாட்படை கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் களம் கண்டது. நேரே வந்தாயா, 200 டாலர் உண்டா என்று அவர்களைக் கேட்டவர் யார்?

மார்செயில் படை இறங்கிய மூன்றாம் நாள், செப்டம்பர் 29-இல், திரும்பிவந்த கோமகட்டா மாரு பயணிகள்மீது கல்கத்தாவை அடுத்த பட்ஜ் பட்ஜில் துப்பாக்கிச்சூடு நடந்தது, பலர் மாண்டனர். சாகச் சென்றவனுக்குத் திறந்த கதவு, வாழச் சென்றவனுக்கு அடைபட்டது!

போர்க்காலத்தில் கட்டாயமாக்கப்பட்ட கடவுச்சீட்டு, 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேரூன்றியது. வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் பகுதி என உச்சநீதிமன்றம் உரைக்க, விடுதலைக்குப் பின்னும் 1967 வரை காத்திருந்தோம். கனடாவின் பிரதமர் 2016-இல் மன்னிப்புக் கேட்டார், நூறாண்டு கடந்தபின்!

எல்லைக்குக் காவல் வேண்டாம் என்போமல்லோம். துப்பாக்கி ஏந்திய கையை நம்பும் அரசு, மண்வெட்டி ஏந்திய கையைக் கண்டு அஞ்சுவானேன் என்பதே நம் வினா.