குளிர்காலத்தில் கேரவன் ஸ்லைடு-அவுட்

ஸ்லைடு-அவுட் என்பது கேரவனை நிறுத்திய பின் அதன் பக்கச்சுவரிலிருந்து வெளியே நீளும் சிற்றறை. பயணத்தின்போது உள்ளே ஒடுங்கியிருக்கும் இதை மின்மோட்டாரோ ஹைட்ராலிக் விசையோ வெளியே தள்ளும். படுக்கைக்கோ சோபாவுக்கோ இடம் கிடைக்கும். அமெரிக்காவின் நியூமார் நிறுவனம் 1990வாக்கில் இதைப் பரவலாக்கியது. தமிழ்நாட்டின் ரெட்டிபாளையம் போன்ற சுண்ணாம்புக்கல் பூமியில் இத்தகைய வண்டி நின்றால் வெயிலும் புழுதியும்தான் அதற்குத் தொல்லை. ஊட்டியின் சனவரி உறைபனிகூட வெயில் ஏறினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் உறைநிலைக்குக் கீழே கிடக்கும் கனடாவின் ஒன்டாரியோ போன்ற இடங்களில்தான் ஸ்லைடு-அவுட்டின் பலவீனம் முழுதாகத் தெரியவரும்.

நீட்டிய அறைக்குக் கூரை, மூன்று சுவர்கள், தரை என ஐந்து பக்கமும் குளிர்காற்று. தரைக்கடியில் காற்று தடையின்றி வீசும். சூடேற்றியின் காற்றுக்குழாய்கள் பெரும்பாலும் வண்டியின் நடுத்தரையோடு நின்றுவிடுவதால் இந்த மூலைக்கு வெப்பம் எட்டுவது குறைவு. சமையலறைத் தொட்டி ஸ்லைடு-அவுட்டில் இருந்தால் அதற்குச் செல்லும் நெகிழ்குழாய்தான் முதலில் உறையும். நெடுநாள் தங்குவோர் வண்டியின் அடிப்பகுதியைச் சுற்றி நுரைப்பலகை கட்டுவது இதனால்தான்.

ஈரம் அடுத்த சிக்கல். மூச்சும் சமையலும் விடும் நீராவி, குளிர்ந்த மூலைச்சுவரில் பட்டு நீராகி, மெத்தைக்குப் பின்னால் பூஞ்சணமாகும். அடுப்பில் ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீர் உண்டாகிறது. அடுப்பை மூட்டிக் குளிர்காய்வது ஈரத்தைக் கூட்டும். கார்பன் மோனாக்சைடால் உயிருக்கும் ஆபத்து.

அறையை உள்ளிழுக்கும் வேளையில்தான் பழுது அதிகம் நேர்கிறது. விளிம்பைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை குளிரில் விறைக்கும். கசிந்த நீர் அதைச் சுவரோடு ஒட்டி உறையச் செய்யும். அந்த நிலையில் விசையை அழுத்தினால் பட்டை கிழியும். சுவருக்குள் இரண்டு மோட்டார்கள் இயங்கும் அமைப்பில் ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் நின்றால் அறை கோணிக்கொள்ளும். வெந்நீர் ஊற்றுவது தவறான அவசரம்: அது மறுபடி உறைந்து இன்னும் இறுகும். உள்ளே சூடேற்றிப் பொறுத்திருப்பதே நல்லது. பட்டைக்குக் குளிர் தொடங்குமுன்பே சிலிகான் பூச்சு இட வேண்டும். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும்.

கூரைப் பனியின் எடையையும் பலர் குறைத்தே மதிக்கிறார்கள். புதுப்பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. ஈரப்பனி 300 கிலோவைத் தாண்டும். நான்கு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள கூரையில் 30 சென்டிமீட்டர் ஈரப்பனி படிந்தால் சுமை 360 கிலோ. அதை மென்மையான துடைப்பத்தால் தள்ளிய பிறகே அறையை இழுக்கலாம். மேலே துணிக்கூரை இருந்தால் அதன் மடிப்பில் உறைந்த பனிக்கட்டி, சுருளும்போது துணியைக் கிழிக்கும்.

மோட்டாருக்கு வலு தரும் ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவு −18 பாகையில் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகக் கெடும்.

கடுங்குளிரில் ஓரிரு இரவே தங்குவோர் அறையை நீட்டாமல் விடுவதே மேல். மூடியபடியே படுக்கைக்கும் கழிவறைக்கும் போக வழியுள்ள வண்டிகளில் இது எளிது. மற்றவற்றில் குளிர்காலம் முழுவதும் நீட்டியே வைத்து, இளகிய நண்பகலில் மட்டும் அசைப்பது வழக்கம். மோட்டார் கைவிட்டால் கைப்பிடி சுழற்றி இழுக்கும் வசதி பல வண்டிகளில் உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதைப் பனி விழுமுன்பே பார்த்துவைக்க வேண்டும்.