பழம்பொருட்களிலிருந்து அரங்கப் பொருள் செய்தல்

பழைய கருவிகள், உடைந்த இயந்திர உறுப்புகள், கழித்துப் போட்ட வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றைக் கூட்டியும் குறைத்தும் திரைப்படத்துக்கோ மேடைக்கோ அலங்காரத்துக்கோ உரிய, காலம் ஏறிய தோற்றமுள்ள பொருளாக மாற்றும் கைவினை இது. புதிய மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பழமைச் சாயம் பூசினால் போதும், காயலான் கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பார்கள் சிலர். சாயத்தால் மட்டும் அது கைகூடுவதில்லை. நம்பகத்தன்மை வடிவத்தில் இருக்கிறது. ஒரு வேலைக்கென்று செய்த பொருளில் ஒவ்வொரு பள்ளமும் திருகும் வரிப்பும் ஏதோ ஒரு தேவையால் வந்தவை. அந்த வேலை என்னவென்று தெரியாவிட்டாலும், இது எதற்கோ பயன்பட்டது என்பதைக் கண் கண்டுகொள்கிறது. கற்பனையில் மட்டும் வரைந்த பொருளுக்கு இந்தத் தன்மை அரிதாகவே வாய்க்கும்.

இதற்கு வலுவான சான்று 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்'. அதன் அரங்க அலங்கரிப்பாளர் ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் கிடைத்த கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷ் கைப்பிடியை எடுத்து, படத்தின் நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் ஒளிவாளாக்கினார். பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் கேமராவோடு பொருந்துவதற்காகச் செய்யப்பட்ட உலோகக் குழல் அது. பிடிக்க வசதியாகச் சில பட்டைகளை ஒட்டினார். இடுப்பில் தொங்கவிட ஒரு வளையம் சேர்த்தார். கைப்பிடியின் கவ்வியில் கால்குலேட்டரின் குமிழ்ப் பட்டையைச் செருகினார். அவ்வளவுதான். அதே படத்தின் ஓபி-வான் கெனோபி என்ற பாத்திரத்தின் வாளில் ஜெட் இயந்திரக் குழாயும் முதல் உலகப் போர்க் காலத்தில் துப்பாக்கியிலிருந்து ஏவிய எறிகுண்டின் பாகமும் தண்ணீர்க் குழாயின் திருகுபிடியும் ஒன்றாகச் சேர்ந்தன. ஹான் சோலோவின் துப்பாக்கிக்கு அடிப்படை ஜெர்மனியின் மௌசர் சி96. இத்தனை அந்நியமான துண்டுகள் ஒரே உலகத்தவையாகத் தோன்றுவது, அவை எல்லாமே தொழிற்சாலையில் உண்மையான தேவைக்குப் பிறந்தவை என்பதால்தான். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்கு 1978-இல் ஆஸ்கர் கிடைத்தபோது விருது பெற்ற நால்வரில் கிறிஸ்டியனும் ஒருவர்.

பணம் போதாததால் பிறந்த சமாளிப்பை அழகியல் என்று சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. 'ஸ்டார் வார்ஸ்' குழுவின் கையிருப்பு குறைவு என்பது உண்மை; கழித்துப் போட்ட விமானப் பாகங்களை மலிவாக வாங்கியே அரங்குகள் நிரப்பப்பட்டன. ஆனால் புழங்கித் தேய்ந்த எதிர்காலம் வேண்டும் என்று இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் விரும்பியதும் அதே அளவு உண்மை. 1979-இல் வந்த 'ஏலியன்' படத்தின் விண்கலத்துக்கும் கிறிஸ்டியன் இதே வழியைக் கையாண்டார். வறுமை வழியைக் காட்டியிருக்கலாம்; அதில் தொடர்ந்து நடந்தது தேர்வு.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது: பழம்பொருளை வெட்டினால் வரலாறு அழியாதா? அழியும். படத்தின் ரசிகர்கள் தேடித் தேடி வாங்கியதில் கிராஃப்ளெக்ஸ் கைப்பிடிகள் அரிதாகி விலை ஏறின. கேமரா சேகரிப்போரின் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆகவே முழுதாக இயங்கும் பொருளைத் தொடாமல், பழுதானதையே எடுப்பது முறை. பசைக்குப் பதில் திருகும் கவ்வியும் கொண்டு இணைத்தால் பின்னாளில் பிரித்து மீட்கலாம். செய்பவரின் பாதுகாப்பையும் கவனிக்க வேண்டும்: பழைய பெயின்ட்டில் ஈயமும், ஒளிரும் பழைய கடிகார முகப்புகளில் ரேடியமும் இருக்கக்கூடும். அவற்றைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. கிராஃப்ளெக்ஸின் அச்சு அசலான மறுஉருவாக்கங்கள் இப்போது விற்பனைக்குக் கிடைப்பதால், ஒளிவாளுக்காக மூலக் கைப்பிடியை அறுக்க வேண்டிய தேவையும் இல்லை.