டெக்கா ஊசி வந்த வழி

ஒரு மில்லி பிடிக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி. கழுத்தை உடைத்தால் உள்ளே வெளிர்மஞ்சள் எண்ணெய். அது கடலை எண்ணெய்தான். மருந்து அதில் கரைந்திருக்கிறது. பெட்டியில் நாண்ட்ரோலோன் டெக்கனோயேட் என்றிருக்கும், ஜிம்மில் கேட்டால் 'டெக்கா' என்பார்கள்.

1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு காளையின் விதைகளிலிருந்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தது. அதன் மூலக்கூறில் ஒரே ஒரு கார்பனைக் கழித்தால் நாண்ட்ரோலோன். 1950-இல் ஆர்தர் பிர்ச் அதைச் செய்து காட்டினார். 1962-இல் ஆர்கனான் என்ற நெதர்லாந்து நிறுவனம் அதை எண்ணெய் ஊசியாக விற்கத் தொடங்கியது. தசையில் போட்டால் மருந்து மொத்தமாக ரத்தத்தில் இறங்காது. இரண்டு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

முதலில் அது போன இடம் நோயாளியின் படுக்கை. எலும்பு தேய்ந்த மூதாட்டிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம். சிறுநீரகம் பழுதாகி ரத்தம் குன்றியவர்களுக்கு அது சிவப்பணுவைக் கூட்டிக் கொடுத்தது. 1989-இல் அதே வேலைக்கு எரித்ரோபொய்ட்டின் ஊசி வந்த பிறகுதான் டயாலிசிஸ் வார்டில் டெக்காவின் மவுசு குறைந்தது. நல்ல மருந்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வார்டில் மவுசு குறைவதற்கு வெகு காலம் முன்பே அது, தசை வளர்க்கவென்று, ஜிம்முக்குள் நுழைந்துவிட்டது. அங்கே வாரத்துக்கே பல நூறு மில்லிகிராம், கூடவே வேறு ஊசி, வேறு மாத்திரை. ரத்தம் குன்றியவரைத் தூக்கி நிறுத்திய அதே குணம், திடமான ஆளின் ரத்தத்தைக் கெட்டியாக்குகிறது. கட்டி அடைத்தால் மாரடைப்பு, பக்கவாதம். நல்ல கொழுப்பு சரிகிறது, கெட்ட கொழுப்பு ஏறுகிறது. இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. கைத்தசை தடித்தால் கண்ணாடியில் தெரியும், இதயம் தடித்தால் எங்கே தெரியும்? ஹார்மோன் வெளியிலிருந்து வருவதைக் கண்டு மூளை உள்ளே உற்பத்தியை நிறுத்தச் சொல்லிவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு மார்பு பெண்ணுக்குப் போல வளரும். ஆண்மைக்கென்று ஊசி போடப்போய் ஆண்மையே போவது! நிறுத்தினாலும் உடல் தன் உற்பத்தியை மீட்க மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் மனச்சோர்வு தாங்காமல் மறுபடி ஊசிக்கே போகிறவர்கள் உண்டு. பெண்களுக்குக் குரல் தடித்தால் பெரும்பாலும் திரும்பாது. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனிகள் முன்கூட்டியே மூடி, உயரம் நின்றுவிடும்.

எண்ணெயில் தங்கும் குணம் இன்னொரு வேலையும் செய்கிறது. கடைசி ஊசிக்குப் பல மாதங்கள் கழித்தும் சிறுநீரில் இதன் தடயம் அகப்படும். 1992 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற லின்ஃபோர்ட் கிறிஸ்டி 1999-இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியது இந்தத் தடயத்தால்தான்.

அந்தத் தடயம் நம் பக்கமும் வந்தது. திருச்சி அருகே முடிகண்டத்திலிருந்து போன கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோகா ஆசியத் தடகளத்தில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். தமிழ்நாடே கொண்டாடியது. அந்த ஆண்டு மார்ச் முதல் மே வரை எடுத்த நான்கு மாதிரிகளில் நாண்ட்ரோலோன் தடயம் இருந்ததாக முடிவு வந்தது. தெரிந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றார் அவர். 2020-இல் நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. தங்கம் சீன வீராங்கனைக்குப் போனது. வாழ்த்துச் சொன்னவர்களில் எத்தனை பேர் அதன் பிறகு அந்த ஊர்ப் பெயரை உச்சரித்தார்கள்?

பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் சர்க்கரை ஆலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் முடிகண்டம் அந்நிய ஊரல்ல. 1995 வரை பெரம்பலூரும் திருச்சி மாவட்டம்தானே. காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடப் பழகுகிற தம்பிகளே, அதற்கு இந்தக் குப்பி வேண்டாம். சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது; ஜிம்மில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்களே, அரசு மருத்துவமனையில் மருந்தின் பெயரை மறைக்காமல் சொல்லி, ரத்த அளவு, கொழுப்பு, கல்லீரல், இதயம் நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.