மணியோசையும் மனித மனமும்



பொன்விழாக் காணும் நம் ஆலயத்தின் வரலாற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் படிப்பீர்கள். அடிக்கல் நாட்டியது யார், கோபுரம் எழுந்தது எப்போது என்பதெல்லாம் அங்கே உண்டு. நான் எழுத எண்ணியது காதால் அறியும் வரலாறு. ஓசையும் சுற்றுப்புறமும் மனிதனின் நடத்தையை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதே அது. இதை எழுத ஒரு காரணமும் உண்டு. அதை இறுதியில் சொல்லுகிறேன்.

ஓரேபு மலையில் எலியா இறைவனுக்காகக் காத்திருந்த நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். பெருங்காற்று வந்தது, நிலம் அதிர்ந்தது, தீ எழுந்தது. இவற்றில் எதிலும் ஆண்டவர் இல்லை. பின்னர் வந்த மெல்லிய ஓசையைக் கேட்டதும் எலியா தம் முகத்தைப் போர்வையால் மூடிக்கொண்டார். இரைச்சல் செய்யாததை அந்த மெல்லொலி செய்தது.

திருச்சபை இந்தப் பாடத்தை நன்கு கற்றுக்கொண்டது. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட், அதாவது நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்று அழைத்த புனிதர், தம் துறவிகளுக்கு ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். வழிபாட்டுக்கான அடையாள ஒலி கேட்டவுடன் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டு ஆலயத்துக்கு விரைய வேண்டும் என்பது அதிலுள்ள கட்டளை. கடிகாரம் அறியாத அக்காலத்தில் பொழுதைப் பகுத்துத் தந்தது மடத்து மணியே. மடத்தைச் சுற்றி வாழ்ந்த உழவர்களும் அந்த மணிக்கே எழுந்தனர், உண்டனர், உறங்கினர்.

திரிகால செபம் என்று நம் பாட்டிமார் சொல்லும் மூவேளைச் செபமும் மணியோடு பிறந்ததுதான். அந்தி மணியும் காலை மணியும் முன்பே வழக்கில் இருந்தன. 1456-இல் பெல்கிரேட் நகரம் முற்றுகைக்கு உள்ளாகியிருந்தபோது, நண்பகலிலும் மணி அடித்து மக்கள் செபிக்க வேண்டுமெனத் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் ஆணையிட்டார். நானூறு ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு ஓவியர் மில்லே ஒரு படம் வரைந்தார். உருளைக்கிழங்கு வயலில் ஓர் ஆணும் பெண்ணும் வேலையை நிறுத்தித் தலைகுனிந்து நிற்கிறார்கள். தொலைவில் ஓர் ஆலயக் கோபுரம். மணியைப் படத்தில் காட்ட முடியாது. ஆனால் அந்தக் குனிந்த தலைகளைப் பார்த்தாலே மணியோசை நம் காதில் விழுகிறது அல்லவா?

மணிக்கு இத்தனை வல்லமை உண்டென்பதை அதன் பகைவர்களும் அறிந்திருந்தனர். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-இல், ஒரு பங்குக்கு ஒரு மணி போதும், மற்றவற்றைப் பீரங்கி வார்க்கக் கொடுங்கள் என்று ஆணை பிறந்தது. தங்கள் மணியைக் காக்கப் போராடிய கிராமங்கள் பல. மணியோசை கேட்கும் தூரமே அம்மக்களுக்குச் சொந்த ஊரின் எல்லை என்பதை, அலென் கோர்பேன் என்னும் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1994-இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

இரண்டாம் உலகப் போரில் நடந்ததையும் கேளுங்கள். 1940-இல் இங்கிலாந்தில் ஆலய மணிகள் நிறுத்தப்பட்டன. பகைவர் படை வந்து இறங்கினால் மட்டுமே அடிக்க வேண்டும் என்பது உத்தரவு. திருமணத்துக்கும் திருப்பலிக்கும் அழைத்த மணி, அச்சத்தின் அடையாளமாயிற்று. எல் அலமெய்ன் வெற்றிக்குப் பின், 1942 நவம்பர் 15 ஞாயிறன்று, நாடெங்கும் மணிகள் மீண்டும் ஒலித்தன. மணி அதே மணிதான். அதை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோமோ அதற்கேற்ப மக்கள் மனம் மகிழ்கிறது, அல்லது நடுங்குகிறது.

நம் மண்ணிலும் விசுவாசம் கைமணி ஓசையோடு நடந்து வந்தது. 1542-இல் இந்தியா வந்த புனித சவேரியார், கோவாவின் தெருக்களில் கைமணி ஆட்டிச் சிறுவரைக் கூட்டினார். முத்துக்குளித்துறை ஊர்களிலும் மணியோடு சென்றே செபங்களைத் தமிழில் கற்பித்தார். ஒரு சிறு மணியும் ஒரு மனிதர் குரலும் அன்று போதுமாயிருந்தன.

ஓசையைப் போலவே சுவரும் கூரையும் மனிதரை நடத்துகின்றன. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சு எதுவும் விளங்கவில்லை. சொன்ன சொல் அடங்க ஐந்தரை நொடி ஆயிற்று. வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பிச் சோதித்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. மனித உடலும் மெத்தையைப் போலவே ஒலியை உறிஞ்சுகிறது என்றும் கண்டார். ஆளில்லாத ஆலயத்தில் பிரசங்கம் முழங்குவதும், திருவிழாக் கூட்டத்தில் அதே குரல் தெளிவதும் இதனால்தான். ஒலி கூடினால் விளக்கம் கூடும் என்பது தவறு. எதிரொலிக்கும் கட்டடத்தில் சத்தத்தைக் கூட்டினால் குழப்பமே கூடும்.

நியூயார்க் நகரில் ஒரு பள்ளியை ஒட்டி மேம்பால ரயில் ஓடியது. பாதைப் பக்கத்து வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் ஓராண்டு வரை பின்தங்கியிருந்ததை ஆர்லைன் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் அறிஞர் 1975-இல் கண்டறிந்தார். பிறகு தண்டவாளத்துக்கு ரப்பர் அட்டையும், வகுப்பறைக்கு ஒலி உறிஞ்சும் மேற்கூரையும் போட்டார்கள். 1981-இல் மறுபடி பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்திருந்தது. பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்லர். இரைச்சலே அவர்கள் கல்வியைத் திருடியது.

இனி என் கதை. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன் இளம் குருவாக ஒரு சிற்றூரில் பணியாற்றினேன். கோபுரத்தில் நான்கு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டி, விடியுமுன் பக்திப் பாடல் போட ஏற்பாடு செய்தேன். ஊரே விழிக்கிறது என்று பெருமைப்பட்டேன். எதிர்வீட்டுப் பெரியவர், சைவக் குடும்பத்தவர், ஒரு நாள் மேலறை வாசலில் நின்றார். “சாமி, கோபிச்சுக்காதீங்க. அந்தி மணி அடிச்சா எங்க வீட்டுலயும் விளக்கேத்துவோம். இந்தக் குழாய் பாட ஆரம்பிச்சா சன்னலைச் சாத்திக்கிறோம். வீட்டுக்காரி ரொம்ப முடியாம படுத்திருக்கா” என்றார். பார்க்கலாம் ஐயா என்று அனுப்பிவிட்டேன். குழாய்களை இறக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் அந்த அம்மாள் காலமாகிவிட்டார். துக்கம் விசாரிக்கப் போனபோது பெரியவர் கைகூப்பினார், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறருடைய அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியால் செபிக்கும்படி எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபை தொடர்பாக எழுந்த வழக்கு அது. அத்தீர்ப்பைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியவரின் முகமே நினைவுக்கு வந்தது.

நான் சொல்வதாகச் சொன்ன காரணம் இதுதான். பொன்விழா நினைவாகக் கோபுரத்தில் புதிய ஒலிபெருக்கிகள் பொருத்த வேண்டும் என்று நம்மில் சிலர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். அவர்கள் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன், என்னிடமும் ஒரு காலத்தில் இருந்த எண்ணம்தானே! ஆயினும் என் வேண்டுகோள் வேறு. ஒலிபெருக்கி ஆலயத்துக்குள் இருக்கட்டும், கடைசி இருக்கையில் உள்ள பாட்டிக்கு இறைவார்த்தை தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மட்டும். அந்தப் பணத்தில் நம் பழைய மணியின் தேய்ந்த நாக்கை மாற்றுவோம். முன்போல் மூன்று வேளையும் மணி அடிக்கட்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டில் திருமௌனமும் வேண்டும் எனக் கற்பித்தது. நற்கருணை வாங்கிய பின் அந்த மௌனத்தை நாமும் காப்போம்.

பங்குப் பேரவை முடிவெடுக்கும் முன் இதை வீட்டில் கலந்து பேசுங்கள். எதிர்வீட்டு இந்து சகோதரரையும் அடுத்த தெரு இசுலாமிய சகோதரரையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நம் மணியோசைக்கு அவர்கள் சன்னலைச் சாத்துகிறார்களா, விளக்கேற்றுகிறார்களா? அவர்கள் தரும் விடையில்தான் நம் ஐம்பது ஆண்டுச் சாட்சியம் அடங்கியிருக்கிறது.

ஆண்டவரின் அமைதி உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

இறைப்பணியில்,
உங்கள் பங்குத்தந்தை