பழுதுபார்க்கும் உரிமை

கருவிகளின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றியே எழுதுகின்றனர். கருவி பழுதுற்றபோது அதைத் திருத்தியவர் யார், திருத்தும் உரிமை யாருக்கு மறுக்கப்பட்டது என்னும் கேள்விகள் அச்சரித்திரத்தில் அருகியே காணப்படுகின்றன. ஆயினும், ஒரு கருவி உண்மையில் யாருடைய உடைமை என்பதை அது பழுதுறும் நாளிலேயே நாம் அறிந்துகொள்கிறோம்.

மட்டக்களப்பு வாவியை அண்டி, மாமாங்கேஸ்வரர் ஆலயத்தையும் அதன் தீர்த்தக் குளத்தையும் உடைய அமிர்தகழியை எடுத்துக்கொள்வோம். இத்தகைய ஊர்களின் பல வீடுகளுக்கு மடிக்கணினி புதிதாக வருவதில்லை; வெளிநாட்டு உறவினர் பாவித்துக் கழித்ததாகவோ, இரண்டாம் கை விலைக்கோ வந்து சேர்கிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை ஒரு சில மாதங்களில் 360 ரூபாவளவில் ஏறிற்று. புதிய கணினி ஆசிரியரின் சம்பளத்துக்கும் எட்டாத பொருளாயிற்று. இந்நிலையில், 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, 2017க்கு முற்பட்ட கணினிகளுட் பெரும்பாலானவற்றை ஏற்பதில்லை. திரை ஒளிர்கிறது, விசைப்பலகை இயங்குகிறது. ஆயினும் பொறி இறந்துவிட்டதென்று தீர்ப்பு வந்துவிட்டது.

இத்தீர்ப்பை மாற்றும் வழியொன்று உண்டு. அதுவே லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம். அது தோன்றிய இயக்கத்தின் வரலாறும் ஒரு பழுதிலிருந்துதான் தொடங்குகிறது.

1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செரொக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி ஒன்றில் அடிக்கடி தாள் சிக்கியது. பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போருக்கு அறிவிக்கும்படி அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதையும் அவ்வாறே திருத்த விரும்பினார். மூலநிரல் கிட்டவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் இரகசியம் காப்பதாக ஒப்பந்தம் செய்திருந்தமையால் தர மறுத்துவிட்டார். அறிவை அறிவாளியே பூட்டிவைக்க நேர்ந்த நிலைமை இது. 1976ஆம் ஆண்டிலேயே, மென்பொருளைப் பணங்கொடாது பகிர்வோரைத் திருடரென்று சாடிப் பில் கேற்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதியிருந்ததையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஸ்டால்மன் 1983 செப்டெம்பர் 27இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் அதன் பொது உரிமம் வெளிவந்தது. எவரும் பாவிக்கலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்திப் பகிர்வோர் அதே உரிமைகளைப் பிறருக்கும் அளித்தல் வேண்டும். உடைமையைக் காக்கப் பிறந்த பதிப்புரிமைச் சட்டமே இவ்வாறு பொதுமையைக் காக்கும் வேலியாயிற்று. 1991 ஓகஸ்ட் 25இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவந்த லினக்ஸ் கருவினை அறிவித்து, 1992இல் அதனை இவ்வுரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார்.

இனி, பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவ முற்படும்போது எதிர்ப்படும் தடைகளை நோக்குவோம். சில தடைகள் எளியவை. உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்திருந்தால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கி நிற்கும். இணையத் தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கு வராதவையெனக் கருதிக் கணினி அவற்றை மறுக்கும். நேரத்தைத் திருத்தி மின்கலத்தை மாற்றினாற் போதும். தொடக்கத்திலேயே திரை இருண்டுவிடின், தொடங்கும் கட்டளை வரியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் படம் தோன்றும். நினைவகம் குறைவாயின் பாரமற்ற திரைச்சூழலைத் தெரிவு செய்ய வேண்டும்.

கம்பியில்லா இணைப்பின் பழுதோ வேறு வகையது. பல பழைய மடிக்கணினிகளில் உள்ள புரோட்கொம் சில்லு எவ்வாறு இயங்குகிறது என்பதை அந்நிறுவனம் நெடுங்காலம் வெளியிடவில்லை. தன்னார்வலர்கள் அதன் நடத்தையைக் கூர்ந்து ஆராய்ந்து, தாமே இயக்கி நிரலை எழுதினர். 2006இல் அது லினக்ஸ் கருவில் இடம்பெற்றது. 2010இல்தான் நிறுவனம் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது. சில்லின் உள்ளே ஏற்றப்படும் நிலைபொருள் பெரும்பாலும் இன்றும் மூடியதே. அத்தகைய நிலைபொருளை அதிகாரபூர்வ நிறுவுதட்டில் சேர்ப்பதா என்று டெபியன் இயக்கத்தார் 2022இல் வாக்கெடுத்து, சேர்ப்பதென முடிவு செய்தனர். அதற்கு முற்பட்ட தட்டைக் கொண்டு நிறுவுவோர், கைத்தொலைபேசியைக் கம்பியால் இணைத்து இணையம் பெற்று நிலைபொருளைத் தனியே இறக்க நேரும். இப்பழுதுக்குக் காரணம் வணிக இரகசியமேயன்றிப் பொறியின் முதுமையன்று.

லினக்ஸ் உலகம் குறைகளற்ற பொன்னுலகம் என்று நாம் கூறவில்லை. இன்று கருவின் பெரும்பகுதி பெருநிறுவனங்களின் சம்பளப் பொறியியலாளரால் எழுதப்படுகிறது. டோர்வால்ட்ஸ் எந்த 386 வகைக் கணினியில் அதனை எழுதத் தொடங்கினாரோ, அவ்வகைக்கான ஆதரவே 2013இல் வெளிவந்த பதிப்பிலிருந்து நீக்கப்பட்டது. 2025இல் வந்த டெபியன் 13, 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கு நிறுவுதட்டு வழங்கவில்லை. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. இங்கு கைவிடப்பட்ட நிரல் பூட்டப்படுவதில்லை. வேண்டுவோர் கூடி அதைத் தொடர்ந்து பேணலாம்.

இவ்வுரிமையின் பெறுமதியை இலங்கை மக்கள் துயரத்தின் நடுவே கண்டனர். 2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, அமிர்தகழிக்கு அணித்தாய்க் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடியை அழித்தது. நாடெங்கும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற்போனோர், முகாம்கள், தேவைப்படும் பொருள்கள் ஆகியவற்றின் இடாப்புகளைப் பேண, இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களுள் 'சஹானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். லினக்ஸ் முதலிய கட்டற்ற கருவிகளே அதன் அடித்தளம். 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகநலத் திட்டத்துக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. கருவியைத் தருமாறு எவரிடமும் கெஞ்ச வேண்டியிராத காரணத்தால், இச்சிறு நாடு பிறருக்கும் கருவி ஈந்தது.

எஞ்சிநிற்பது மொழித் தடை. பழுதுபார்க்கும் குறிப்புகளுட் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே உள்ளன. உரிமை சட்டத்தில் இருந்தும், ஆங்கிலம் அறியா மாணவனுக்கு அது எட்டாக்கனியே. கிழக்கிலங்கையின் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்கச் சொற்கள் தேடினார். அப்பணியின் தொடர்ச்சி இன்று நம் ஆசிரியர் கையில் உள்ளது. ஒவ்வொரு பாடசாலையிலும் ஒதுக்கப்பட்ட கணினி ஒன்றையேனும் மாணாக்கருடன் சேர்ந்து திறப்போம். கண்ட பழுதையும் தீர்த்த முறையையும் எளிய தமிழில் எழுதிவைப்போம். அதைப் படித்து அடுத்த ஊர்ப் பிள்ளை தன் பொறியைத் தானே திருத்திக்கொள்ளட்டும்.