நெகிழி மாதிரி வானூர்தி

நெகிழி மாதிரி வானூர்தி என்பது, உண்மையான வானூர்தி ஒன்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கி, நெகிழி உறுப்புகளை ஒட்டி, வண்ணம் பூசி உருவாக்கப்படும் காட்சிப் பொருள் ஆகும். இது இயந்திரத்தாலோ மின்கலத்தாலோ பறக்கும் மாதிரி வானூர்தியிலிருந்து வேறுபட்டது. இதன் உறுப்புகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியால் ஆனவை. உறுப்புகள், கட்டும் முறை விளக்கம், சின்னங்களை ஒட்டுவதற்கான படங்கள் ஆகியவை அடங்கிய பெட்டி 'கிட்' அல்லது தொகுதி எனப்படுகின்றது. பசையும் வண்ணங்களும் பொதுவாகத் தனியே வாங்கப்பட வேண்டும்.

பெட்டியில் உள்ள உறுப்புகளை மட்டும் கொண்டே ஒரு மாதிரியைக் கட்டி முடிக்கலாம். எனினும் பலர், தனியாக விற்கப்படும் ரெசின், உலோக உறுப்புகளையும் சேர்த்துக் கொள்கின்றனர். இவை 'ஆஃப்டர்மார்க்கெட்' எனப்படுகின்றன. இக்கட்டுரையில் இவை கூடுதல் உறுப்புகள் எனக் குறிப்பிடப்படுகின்றன. நெகிழி வார்ப்பு முறையால் செய்ய இயலாதவற்றை வேறு பொருட்களால் செய்வதே இவற்றின் அடிப்படை நோக்கம்.

வரலாறு

ஐக்கிய இராச்சியத்தில் 1936 ஆம் ஆண்டில் 'ஃப்ராக்' நிறுவனம் வெளியிட்ட 'பென்குயின்' வரிசை, நெகிழி வானூர்தித் தொகுதிகளுள் முதலாவதாகக் கருதப்படுகின்றது. நிறுவனத்தின் பிற மாதிரிகள் பறப்பவை, இவை பறக்காதவை. எனவே பறக்காத பறவையின் பெயர் இவற்றுக்கு இடப்பட்டது. இவை செல்லுலோசு அசிட்டேட்டால் ஆனவை. இப்பொருள் காலப்போக்கில் சுருங்கி வளையும் தன்மையுடையது.

இரண்டாம் உலகப் போரின்போது நட்பு வானூர்திகளையும் எதிரி வானூர்திகளையும் வேறுபடுத்தி அறிவதற்கான பயிற்சிக்கு மாதிரிகள் தேவைப்பட்டன. 1942 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை, ஐந்து இலட்சம் மாதிரிகளை மரத்தில் செய்து தருமாறு பள்ளி மாணவர்களைக் கேட்டுக் கொண்டது. இவை 1/72 அளவில் அமைந்தன.

போருக்குப் பின் பாலிஸ்டைரீன் பரவலாயிற்று. ஐக்கிய இராச்சியத்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் தன் முதல் வானூர்தித் தொகுதியாக ஸ்பிட்ஃபயரை 1953 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் ரெவெல், மோனோகிராம் ஆகியனவும், ஜப்பானின் சிசுவோக்கா மாகாணத்தில் தாமியா, ஹசேகாவா ஆகியனவும் இத்துறையில் முன்னணி நிறுவனங்களாயின. மரப்பொருட்கள் செய்துவந்த தாமியா, தன் முதல் நெகிழித் தொகுதியான யமாட்டோ போர்க்கப்பலை 1960 ஆம் ஆண்டில் வெளியிட்டது. மாதிரி கட்டுவோருக்கான பன்னாட்டு அமைப்பான ஐ.பி.எம்.எஸ். 1963 ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தில் தொடங்கப்பட்டது.

கூடுதல் உறுப்புகளின் உற்பத்தியில் செக் குடியரசு சிறப்பிடம் பெறுகின்றது. 1989 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட எடுவார்ட் நிறுவனம், அரிக்கப்பட்ட உலோகத் தகடுகளால் பெயர் பெற்றுப் பின்னர் முழுத் தொகுதிகளையும் வெளியிடலாயிற்று. ஐரெஸ், சி.எம்.கே. ஆகியனவும் அந்நாட்டைச் சேர்ந்தவையே.

அளவு விகிதங்கள்

பரவலாக உள்ள விகிதங்கள் அடி, அங்குல அளவு முறையிலிருந்து தோன்றியவை. 1/72 என்பதில் ஆறு அடி ஓர் அங்குலமாகின்றது. 1/48 என்பதில் ஓர் அடி கால் அங்குலமாகின்றது. ஸ்பிட்ஃபயர் வானூர்தியின் இறக்கை அகலம் 11.23 மீட்டர். வெவ்வேறு விகிதங்களில் இது பின்வருமாறு அமையும்.

• 1/144 – 78 மில்லிமீட்டர்
• 1/72 – 156 மில்லிமீட்டர்
• 1/48 – 234 மில்லிமீட்டர்
• 1/32 – 351 மில்லிமீட்டர்
• 1/24 – 468 மில்லிமீட்டர்

1/72 இலிருந்து 1/48 க்கு மாறும்போது நீளம் ஒன்றரை மடங்காகின்றது. கனவளவோ ஏறத்தாழ 3.4 மடங்காகின்றது. எனவேதான் பெரிய குண்டுவீச்சு வானூர்திகள் சிறிய விகிதங்களிலும், ஓர் இருக்கைப் போர் வானூர்திகள் பெரிய விகிதங்களிலும் மிகுதியாக விரும்பப்படுகின்றன.

நெகிழி வார்ப்பின் வரம்புகள்

தொகுதியின் உறுப்புகள் உட்செலுத்து வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. உருகிய பாலிஸ்டைரீன் உயர் அழுத்தத்தில் உலோக அச்சுக்குள் செலுத்தப்பட்டுக் குளிர்விக்கப்படுகின்றது. பின்னர் அச்சின் இரு பாதிகளும் விலகி, உறுப்புகள் வெளியே தள்ளப்படுகின்றன. இம்முறையில் ஆயிரக்கணக்கான படிகளை மலிவாகச் செய்யலாம். ஆனால் மூன்று வரம்புகள் உள்ளன.

முதலாவது, தடிமன். நெகிழி அச்சு முழுவதும் பாய்வதற்குப் போதிய இடைவெளி வேண்டும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் உறுப்பு 1/72 அளவில் 36 மில்லிமீட்டர் தடிமனைக் குறிக்கும். உண்மையான வானூர்தியின் அலுமினியத் தகடோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் உடையது. சக்கரக் கதவுகளும் இறக்கையின் பின்விளிம்பும் பல மாதிரிகளில் பருத்துத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, வடிவம். உறுப்பு அச்சிலிருந்து நேராக வெளிவர வேண்டும். ஆகையால் உள்ளே குடைந்த வடிவங்களை இரு பாதி அச்சில் செய்ய இயலாது. பக்கவாட்டில் நகரும் கூடுதல் அச்சுத் துண்டுகளால் இதைச் செய்யலாம். அதனால் செலவு கூடுகின்றது. துப்பாக்கிக் குழாயின் துளை, புகைபோக்கியின் வாய் போன்றவை பழைய தொகுதிகளில் மூடியே இருப்பதற்கு இது காரணம்.

மூன்றாவது, சுருக்கம். தடித்த பகுதி குளிரும்போது மேற்பரப்பு உட்குழிகின்றது. உறுப்பைத் தள்ளும் ஊசிகளும் வட்டமான அடையாளங்களை விட்டுச் செல்கின்றன. இவற்றைப் பட்டி வைத்து நிரப்பித் தேய்க்க வேண்டும்.

கூடுதல் உறுப்புகள்

ரெசின் உறுப்புகள்: மூல உறுப்பின் மீது சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்சு எடுக்கப்படுகின்றது. அதில் பாலியூரித்தேன் ரெசின் வார்க்கப்படுகின்றது. ரப்பர் வளையக் கூடியது என்பதால் உட்குடைந்த வடிவங்களும் சிதையாமல் வெளிவருகின்றன. விமானி அறை, இருக்கை, இயந்திரம், சக்கரம், புகைபோக்கி ஆகியவற்றுக்கு இது ஏற்றது. ரப்பர் அச்சு விரைவில் தேய்வதால் குறைந்த எண்ணிக்கையிலேயே உற்பத்தி நடைபெறுகின்றது, விலையும் கூடுகின்றது.

அரிக்கப்பட்ட உலோகத் தகடுகள்: பித்தளை அல்லது எஃகுத் தகட்டின் மீது ஒளியுணர் படலம் பூசி, வரைபடத்தின் வழியே புற ஊதாக் கதிர் செலுத்தப்படுகின்றது. பின்னர் காப்பற்ற பகுதிகளை வேதிக் கரைசல் அரித்து நீக்குகின்றது. தகட்டின் தடிமன் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். இருக்கைப் பட்டைகள், கருவிப் பலகை, வலைகள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். பாதி ஆழம் அரிக்கப்பட்ட கோடுகளின் வழியே தகட்டை மடிக்கலாம். ஆனால் இது தட்டையானது. உருண்டையான கைப்பிடி, குழாய் போன்றவற்றைத் தகட்டால் செய்தால் அவை வெட்டிய காகிதம் போலத் தோன்றும்.

கடைசல் உலோக உறுப்புகள்: துப்பாக்கிக் குழாய், காற்று வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் ஆகியவை பித்தளையில் கடைந்து செய்யப்படுகின்றன. இவை மெல்லியவையாயினும் எளிதில் முறிவதில்லை. போலந்தின் மாஸ்டர் நிறுவனம் இவற்றுக்குப் பெயர் பெற்றது.

முப்பரிமாண அச்சுறுப்புகள்: ஒளியால் இறுகும் ரெசினைக் கொண்டு மென்மையான அடுக்குகளாக அச்சிடப்படுகின்றன. இவற்றுக்கு அச்சுவார்ப்பு தேவையில்லை. கருவிப் பலகைகளைப் புடைப்பாக, வண்ணத்துடன் அச்சிட்டு ஒட்டும் முறையும் 2020 ஆம் ஆண்டை ஒட்டிப் பரவலாயிற்று.

டெக்கால்களும் மறைப்புகளும்: டெக்கால் என்பது நீரில் நனைத்து, தாளிலிருந்து நகர்த்தி ஒட்டப்படும் மெல்லிய படம். குறிப்பிட்ட படைப்பிரிவு அல்லது விமானியின் வானூர்திக்குரிய சின்னங்கள் தனியாகக் கிடைக்கின்றன. கண்ணாடிக் கூட்டின் சட்டங்களுக்கு மட்டும் வண்ணம் பூச, அளவாக வெட்டப்பட்ட மறைப்பு ஒட்டிகள் உதவுகின்றன.

கூடுதல் உறுப்புகளைத் தெரிவு செய்தல்

கூடுதல் உறுப்பு ஒவ்வொன்றும் பொதுவாகக் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் தொகுதிக்கென வடிவமைக்கப்படுகின்றது. ஒரே வானூர்தியாயினும் மற்றொரு நிறுவனத்தின் தொகுதியில் அது பொருந்தாமல் போகலாம். ரெசின் விமானி அறையைப் பொருத்துவதற்கு உடற்பகுதியின் உட்புறத்தைத் தேய்த்து மெல்லியதாக்க வேண்டியும் வரும். ஆகையால், பசை இடுவதற்கு முன் உறுப்புகளைச் சேர்த்துப் பார்த்தல் இன்றியமையாதது.

கூடுதல் உறுப்புகளின் மொத்த விலை சில வேளைகளில் தொகுதியின் விலையையும் விஞ்சுகின்றது. கட்டி முடித்த பின் வெளியே தெரியும் பகுதிகளே பயன் தருபவை. கண்ணாடிக் கூடு மூடியிருக்கும் 1/72 மாதிரியில் விமானி அறையின் தரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அங்கு இருக்கைப் பட்டைகளே போதுமானவை. அதே வேளை, சக்கரங்கள், துப்பாக்கிக் குழாய்கள், புகைபோக்கிகள் ஆகியவை எப்பக்கத்திலிருந்தும் தெரியும். அண்மைக்காலத் தொகுதிகள் சிலவற்றில் உலோகத் தகடுகள் பெட்டியிலேயே தரப்படுகின்றன. 2009 ஆம் ஆண்டில் வெளியான தாமியாவின் 1/32 ஸ்பிட்ஃபயர் இதற்கு எடுத்துக்காட்டு.

பசைகள்

பாலிஸ்டைரீனுக்கான பசை உண்மையில் ஒரு கரைப்பான் ஆகும். அது இரு பரப்புகளையும் கரைக்கின்றது. கரைப்பான் ஆவியானதும் அவை ஒன்றாகி விடுகின்றன. ரெசினையும் உலோகத்தையும் இக்கரைப்பான் கரைக்காது. எனவே கூடுதல் உறுப்புகளுக்குச் சயனோஅக்ரிலேட் பசை வேண்டும். இந்தியாவில் ஃபெவிக்விக் என்ற பெயரில் விற்கப்படும் பசை இவ்வகையைச் சேர்ந்தது. இதன் ஆவி கண்ணாடி உறுப்புகளின் மீது வெண்படலமாகப் படியும். ஆகையால் கண்ணாடிக் கூட்டுக்கு, மரவேலைக்கான வெண்பசை போன்ற நீர்சார் பசை பயன்படுத்தப்படுகின்றது.

வண்ணங்கள்

மாதிரிகளுக்கான வண்ணங்கள் மூன்று வகைப்படும்.

• எனாமல்: எண்ணெய் சார்ந்தது, மெதுவாக உலரும். ஹம்ப்ரால் நிறுவனத்தின் சிறிய தகர டப்பாக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.
• அக்ரிலிக்: ஸ்பெயினின் வயெகோ நீரில் கலப்பது, தூரிகைக்கும் ஏற்றது. தாமியாவின் அக்ரிலிக்கைச் சாராயம் சார்ந்த தின்னருடனும் கலக்கலாம்.
• லாக்கர்: விரைவில் உலர்ந்து உறுதியாகப் பற்றும், நெடி மிகுந்தது. ஜப்பானின் மிஸ்டர் கலர் இவ்வகையைச் சேர்ந்தது.

பின்னர் பூசப்படும் வண்ணத்தின் தின்னர், கீழுள்ள படலத்தைக் கரைக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. எடுத்துக்காட்டாக, உலர்ந்த அக்ரிலிக்கின் மீது எனாமலை மிகவும் நீர்த்துப் பூசி, கோடுகளில் தங்கவிட்டு எஞ்சியதைத் துடைத்தெடுக்கலாம். இது மேற்பரப்பின் நுணுக்கங்களை எடுத்துக் காட்டுகின்றது.

சீரான பூச்சுக்கு ஏர்பிரஷ் என்னும் தெளிப்பான் பயன்படுகின்றது. வண்ணத்தைப் பால் போன்ற பதத்துக்கு நீர்த்து, சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தத்தில் தெளிப்பது பொதுவான வழக்கம். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் தெளிக்கப்படும் லாக்கர் வெளிறிப் போகக்கூடும்.

டெக்கால்களைப் பளபளப்பான பரப்பின் மீதே ஒட்ட வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் படத்தின் அடியில் காற்று சிக்கி, வெள்ளி போன்ற மினுமினுப்பு தோன்றும். ஆகவே முதலில் பளபளப்பான தெளிபூச்சும், டெக்கால் உலர்ந்த பின் மங்கலான தெளிபூச்சும் பூசப்படுகின்றன.

வண்ணத்தின் சரித்தன்மை

மாதிரி கட்டுவோரிடையே மிகுந்த விவாதத்துக்குரியது வண்ணமே. ஐக்கிய அமெரிக்க வானூர்திகளுக்கு 'ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595' என்ற வண்ணத் தரம் பயன்பட்டது. இதன் ஐந்திலக்க எண்ணில் முதல் இலக்கம் பளபளப்பையும், இரண்டாம் இலக்கம் நிறத்தையும் குறிக்கின்றன. எஃப்/ஏ-18 வானூர்தியில் பூசப்படும் 36320, 36375 ஆகிய இரண்டிலும் 3 என்பது மங்கலையும், 6 என்பது சாம்பல் நிறத்தையும் காட்டுகின்றன. 36375 சற்று வெளிர்ந்தது. 2017 ஆம் ஆண்டில் இத்தரத்துக்குப் பதிலாக ஏ.எம்.எஸ். தரம் 595 நடைமுறைக்கு வந்தது. ஜெர்மானிய வான்படைக்கு ஆர்.எல்.எம். எண்களும், ஐக்கிய இராச்சியத்துக்குப் பிரித்தானியத் தர எண்களும் இருந்தன.

எண் தெரிந்தாலும் உண்மை நிறம் தெரிந்துவிடுவதில்லை. வெயிலிலும் மழையிலும் பூச்சு மங்கியது. 1940 ஆம் ஆண்டில் பிரித்தானியப் போர் வானூர்திகளின் அடிப்புறத்துக்கு 'ஸ்கை' என்ற வெளிர்பச்சை ஆணையிடப்பட்டபோது, அவ்வண்ணம் போதிய அளவு கிடைக்காத பிரிவுகள் தம்மிடமிருந்த வண்ணங்களைக் கலந்து பூசின. கருப்பு வெள்ளைப் படங்களும் ஏமாற்றக் கூடியவை. 'ஆர்த்தோகுரோமேட்டிக்' படச்சுருள் சிவப்பொளியை உணர்வதில்லை. ஆகவே பிரித்தானியச் சின்னத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் வளையம் அத்தகைய படங்களில் கருமையாகத் தோன்றும். இதையறியாமல் படத்தைப் பார்த்துப் பூசுவோர் வளையம் இல்லை என்றே கருதக்கூடும். குறிப்பிட்ட ஒரு வானூர்தியைக் குறிப்பிட்ட ஒரு நாளில் எடுத்த பல படங்களை ஒப்பிடுவதே நம்பகமான வழி.

பாதுகாப்பு

• ரெசினை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் நுண்தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்ப்பதும் முகமூடி அணிவதும் நல்லது.
• தூசிக்கான முகமூடி கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. தெளிக்கும்போது கரிம ஆவிகளுக்கான வடிகட்டியுள்ள முகமூடியும் காற்றோட்டமும் தேவை. நீர்சார் அக்ரிலிக்கைத் தெளிக்கும்போதும் துளிகளைச் சுவாசிக்கக் கூடாது.
• இறுகாத முப்பரிமாண அச்சு ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடும். கையுறை அணிய வேண்டும்.
• சயனோஅக்ரிலேட் பசை பருத்தித் துணியில் சிந்தினால் வேகமாக வினைபுரிந்து சுடுமளவு வெப்பத்தை வெளியிடும்.
• உலோகத் தகட்டிலிருந்து உறுப்பை வெட்டும்போது அது தெறிக்கக் கூடும். கண்ணாடி அணிதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

• பாலிஸ்டைரீன்
• உட்செலுத்து வார்ப்பு
• சூப்பர்மரைன் ஸ்பிட்ஃபயர்
• முப்பரிமாண அச்சாக்கம்